மூன்று முறை வழியனுப்பப்பட்ட விசிலக்கா

ஓர் ஆளை ஒரு தடவைதான் வழியனுப்ப முடியும் என்று நினைப்பவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை. நான் ஒரே ஆளை மூன்று முறை வழியனுப்பியிருக்கிறேன். மூன்று முறையும் பேசியது நான்தான்.

கணக்கு வாத்தியாருக்கு மேடைப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் மொழி வாத்தியார் பேச ஆரம்பித்தால் ஓய்வு பெறப்போகிறவர் மேடையிலேயே தூங்கிவிடுவார். கணக்கு வாத்தியார் என்றால் அளந்து பேசுவார் என்று நம்பித் தலைமையாசிரியை என்னைப் பிடித்தார். மைக்கைக் கையில் கொடுத்த பிறகுதான் ஏமாந்தது அவருக்குத் தெரிந்தது. அதற்குள் அது வழக்கமாகிவிட்டது. அரசுப் பள்ளியில் ஒன்று வழக்கமாகிவிட்டால் அதை மாற்ற ஆண்டவனாலும் ஆகாது.

வழியனுப்பப்பட்டவர் எங்கள் விளையாட்டு டீச்சர். அம்மா அப்பா வைத்த பெயர் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிலிருந்து தலைமையாசிரியை வரை எல்லோருக்கும் அவர் விசிலக்கா. தலையில் வெளுத்துப்போன தொப்பி, காலில் கான்வாஸ் ஷூ, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில். வெயில் குடித்துக் குடித்துக் கறுத்த முகம். ஓடுகிற பாம்பை மிதிக்கிற வயசு எப்போதோ தாண்டிவிட்டது, ஆனால் அந்தச் செய்தி அக்காவின் கால்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

மைதானத்தில் அக்கா வாயைத் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. எல்லாம் விசில்தான். குட்டையாக ஒன்று ஊதினால், இருக்கிற இடத்தில் அப்படியே நில். இரண்டு ஊதினால், வரிசையில் வா. நீளமாக ஒன்று ஊதினால், ஓடு. இவ்வளவுதான் பாடத்திட்டம். ஒருமுறை குட்டை விசில் கேட்டு, வேலிக்கு வெளியே ரோட்டில் போன தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, “நான் என்னம்மா தப்பு பண்ணேன்?” என்று கேட்டார்.

எனக்கும் அக்காவுக்கும் ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். எனக்கும் அக்காவின் பீரியடுக்கும்தான் ஒரு தீராத உறவு. விளையாட்டு பீரியட் என்பது கணக்கு வாத்தியார்களின் பொதுச்சொத்து, உலகம் முழுவதும் அப்படித்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் மைதானத்தின் ஓரத்தில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன்.

“என்ன கணக்கு, இன்னைக்கும் கடனா?”

“ஒரே ஒரு பீரியட் அக்கா. பாடம் முடியல.”

“உங்க பாடம் என்னைக்கு முடிஞ்சிருக்கு? வருஷந்தான் முடியுது.”

மனசு நன்றாக இருந்தால் கொடுத்துவிடுவார். இல்லாவிட்டால் குட்டையாக ஒன்று ஊதுவார். நான் நின்றுவிடுவேன். அப்புறம் மானத்தோடு ஆசிரியர் அறைக்குத் திரும்பி நடப்பேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்குள்தான் மசோதா நுழைந்தது.

அதுவரை அரசுப் பள்ளி ஆசிரியர் ஓய்வு பெற்றால் சாகும்வரை மாதாமாதம் ஓய்வூதியம் வரும். புதிய மசோதா என்ன சொன்னது என்றால், இனி மாதாமாதம் கிடையாது. ஓய்வு பெறும் நாளில் ஒரே தடவையாக ஒரு மொத்தத் தொகை, கையில் வாங்கிக்கொண்டு போய் வா. ஆனால் சட்டம் நிறைவேறுவதற்குள் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய முறைதான். இதைத் தலைமையாசிரியை ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு வாக்கியமும் ரயில் மாதிரி நீளம். வால் வந்து சேரும்போது தலை எங்கே போனது என்று தெரியவில்லை. நான்தான் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். விளங்கியதும் எல்லோரும் என்மேல் எரிந்து விழுந்தார்கள், ஏதோ மசோதாவை நானே பெற்றெடுத்த மாதிரி.

விருப்ப ஓய்வு கேட்பதற்கும் இத்தனை வருஷச் சேவை வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. எங்கள் பள்ளியில் அந்தத் தகுதி அக்கா ஒருவருக்குத்தான். மற்றவர்கள் எல்லோரும் வசமாக மாட்டிக்கொண்டவர்கள்.

அக்கா கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மொத்தமா குடுப்பாங்கன்னா, யார் கையில குடுப்பாங்க?”

“உங்க கையிலதான்கா.”

“என் கைக்கு வந்தா அவர் கைக்கு வந்த மாதிரிதானே” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பகல் நேரத்தில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தோம்.

‘அவர்’ என்பது அக்காவின் வீட்டுக்காரர். எங்களுக்கு மாமா. தங்கமான மனிதர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. தொழில் தொடங்குவார், அதுதான் ஒரே கெட்ட பழக்கம். டயர் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றபோது மொத்தமாக வந்த பணத்தில் முயல் வளர்த்தார். முயல்கள் பெருகின, முயல் வாங்குகிறவர்கள் பெருகவில்லை. மிச்சப் பணத்தில் காளான் போட்டார். காளான் படுக்கையைத் தவிர வீட்டில் எல்லா இடத்திலும் முளைத்தது. முயலும் காளானும் சேர்ந்து அந்தப் பணத்தைத் தின்று ஏப்பம் விட்ட நாளிலிருந்து அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

மசோதா செய்தி வந்த அன்று மாலை மாமா பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“கணக்கு, மசோதா வருதாமே! மொத்தமா குடுக்கிறாங்களாமே! ரொம்ப நல்ல மசோதா. நம்ம மாதிரி ஆளுங்க முன்னேறணும்னு யாரோ யோசிச்சிருக்காங்க.”

“என்ன மாமா பண்ணப் போறீங்க?”

“வண்ண மீன்” என்றார் மெதுவாக, சுவருக்கும் காது இருக்கும் என்பதுபோல்.

எழுதினவரைத் தவிர அந்த மசோதாவை மனசார ஆதரித்த ஒரே மனிதர் மாமாதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அக்கா என்னை மைதானத்துக்குக் கூப்பிட்டார். பேசினார், விசில் இல்லாமல். “எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு கணக்கு. இந்தப் பசங்களை விட்டுட்டுப் போக மனசே இல்ல. எனக்கப்புறம் இந்த இடத்துக்கு ஆள் போடமாட்டாங்களாம், என்னோட சரியாம். ஆனா மாசம் பொறந்தா சோறு வேணும்ல? மீனை நம்பி நான் கிழவியாக முடியாது.” கண் கலங்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். போக விரும்பாத ஒருவரைப் போகச் சொல்லி அவர் வீட்டு அடுப்பைப் பிடித்து மிரட்டுகிற சட்டம் என்ன சட்டம்?

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அக்கா போனால் அத்தனை விளையாட்டு பீரியடும் எனக்குத்தான். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரம். என்னுடைய ஒரு கண் அழுதது, மற்றொரு கண் கால அட்டவணையைப் பார்த்தது.

எங்கள் பள்ளியில் விண்ணப்பம் கொடுத்த வாரம் வருகிற வெள்ளிக்கிழமையே வழியனுப்பு விழாவை வைத்துவிடுவோம். மேலிடத்து ஆணை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முன்பு ஒருமுறை ஆணை சட்டென்று வந்து, ஆள் போய், அவருக்காக வாங்கிய சுவர்க் கடிகாரம் அனாதையாக நின்றது. அன்றிலிருந்து முதலில் விழா, பிறகுதான் ஓய்வு. இதில் ஒரு ஓட்டை இருந்தது. ஆணை வருகிற வரைக்கும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். அந்த ஓட்டையை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

முதல் விழா பிரமாதம். நான் வெளுத்து வாங்கினேன். “மைதானத்தின் தாய்” என்றேன். “விசிலுக்குள் ஒரு பல்கலைக்கழகம்” என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது, ஆனால் கைதட்டல் கூரையைப் பிளந்தது. தலைமையாசிரியை அழுதார். சமையலறை ஆயா அழுதார். பிள்ளைகள் தேம்பினார்கள். அக்கா பரிசுக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தலைமையாசிரியையின் கையில் வைத்தார். அவர் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பூட்டுகிற சத்தம் மைக்கில் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. மசோதாவை ஏதோ ஒரு குழுவுக்கு அனுப்பிவிட்டார்களாம். இப்போதைக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே அக்கா வாசலில் நின்றார். தொப்பி, கான்வாஸ் ஷூ, அக்குளில் துணி சுற்றிய கடிகாரம்.

“குடுத்ததைத் திருப்பி வாங்கினா நல்லா இருக்காதுக்கா” என்றார் தலைமையாசிரியை.

“போகாதவளுக்கு எதுக்கு டீச்சர் போறவளோட கடிகாரம்? பிடிங்க.”

கடிகாரம் ஆசிரியர் அறைச் சுவரில் ஏறியது. விசில் கழுத்தில் ஏறியது. நான் வெள்ளிக்கிழமை மாலையே அட்டவணையில் என் பெயரை எழுதி வைத்திருந்த கட்டங்களை அழிரப்பரால் அழித்தேன். ரொம்ப அழுத்தி எழுதியிருந்தேன், சரியாக அழியவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்குக் கடன் கொடுக்கவில்லை.

மாமாவுக்குத்தான் கொண்டாட்டம். மனைவி வேலைக்குத் திரும்பிவிட்டார், ஆகவே என்றாவது ஒருநாள் மசோதா வந்து மொத்தப் பணமும் வரும். அந்த நம்பிக்கையில் வீட்டுக்குப் பின்னால் மீன் குட்டைக்குக் குழி வெட்டினார். மழை பெய்து தண்ணீர் நின்றது. தவளைகள் வந்தன. முதல் போடாமல் மாமா தொடங்கிய ஒரே பண்ணை அதுதான்.

சில மாதம் கழித்து மசோதா மறுபடி வந்தது. குழுவிடம் போய், கொஞ்சம் சதை பிடித்துத் திரும்பியிருந்தது. அக்கா மறுபடி விண்ணப்பித்தார். வெள்ளிக்கிழமை விழா. சுவரிலிருந்த கடிகாரத்தை இறக்கித் துடைத்து அதையே கொடுத்தோம். எனக்குத்தான் தர்மசங்கடம். இருந்த புகழ்ச்சி எல்லாவற்றையும் முதல் தடவையே கொட்டித் தீர்த்துவிட்டேன். வேறு வழியில்லாமல், “இவர் மைதானத்தின்...” என்று ஆரம்பித்து மூச்சு வாங்கினேன். “தாய்!” என்று பிள்ளைகள் மொத்தமாகக் கத்தினார்கள். “விசிலுக்குள் ஒரு...” என்றேன். “பல்கலைக்கழகம்!” என்றார்கள். அக்கா சிரித்துச் சிரித்துத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தலைமையாசிரியை இந்தத் தடவை ஒரு கண்ணில் மட்டும் அழுதார்.

அந்த வாரக் கடைசியில் சட்டமன்றத்தில் வேறு ஏதோ விஷயத்துக்குக் கைகலப்பு. மைக்கைப் பிடுங்கினார்கள், நாற்காலியைத் தூக்கினார்கள், கூட்டத்தையே ஒத்திவைத்துவிட்டார்கள். மசோதா அந்தரத்தில் தொங்கியது. எங்கள் மைதானத்தில் இப்படி யாராவது செய்திருந்தால் அக்கா குட்டையாக ஒன்று ஊதி நிறுத்தியிருப்பார். திங்கட்கிழமை அக்கா வந்தார். தலைமையாசிரியை இழுப்பறையைத் திறந்து விசிலை நீட்டினார். அக்கா வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கடிகாரம் தன் ஆணிக்குத் திரும்பியது.

மூன்றாவது தடவை மசோதா வருகிறது என்றபோது எங்களில் யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. புலி வருது, புலி வருது கதை எல்லோருக்கும் தெரியும். கதையின் முடிவு மட்டும் அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

அக்கா மட்டும் விண்ணப்பம் எழுதினார். “எதுக்கும் இருக்கட்டும்” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை விழா என்று எதுவும் இல்லை. பரீட்சை நேரம். தேநீர் இடைவேளையில் ஆசிரியர் அறையிலேயே முடித்துவிட்டோம். கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்திருந்தது, யாரும் மாற்றவில்லை. “ஆணியில இருக்கட்டும், எதுக்கு இறக்கி ஏத்திக்கிட்டு?” என்றார் தலைமையாசிரியை. விசிலை அக்கா கழற்றப் போனபோதும் தடுத்துவிட்டார். “கழுத்துலயே இருக்கட்டும்கா. திங்கக்கிழமை திரும்ப எடுத்துக் குடுக்கணும், சாவி வேற எங்கயோ வச்சிட்டேன்.”

நான் கையில் டம்ளரோடு எழுந்தேன். “அக்காவைப் பத்திச் சொல்லவேண்டியதெல்லாம் ஏற்கனவே சொல்லியாச்சு. போயிட்டு வாங்கக்கா. திங்கக்கிழமை பாக்கலாம்.” எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறிய உரை அது.

சனிக்கிழமை மசோதா நிறைவேறியது. ஒருவரும் நாற்காலியைத் தூக்கவில்லை. எல்லோரும் நல்ல பிள்ளைகளாகக் கையைத் தூக்கியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை நான் என் வழக்கத்துக்கு விரோதமாகச் சீக்கிரம் வந்து வாசலில் நின்றேன். தலைமையாசிரியையும் ஏதோ வேலை இருப்பதுபோல் வாசலுக்கு வந்து நின்றார். மணி அடித்தது. அக்கா வரவில்லை. மதியம் ஆணை வந்தது. அக்காவுக்குப் பழைய முறைப்படி மாதாமாத ஓய்வூதியம் உண்டு. விளையாட்டு ஆசிரியர் பணியிடம் அத்தோடு மூடப்படுகிறது. இரண்டும் ஒரே தாளில், ஒன்றன் கீழ் ஒன்றாக.

“எட்டாம் வகுப்பு கடைசி பீரியட் இனிமே உங்களுக்குத்தான் சார்” என்றார் தலைமையாசிரியை. குரலில் வாழ்த்துமில்லை, வசவுமில்லை.

கேட்டுக் கேட்டு வாங்கிய பீரியட், கேட்காமலே மடியில் வந்து விழுந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் ஒரு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் காலிலும் விளையாட்டு ஷூ. யாரும் சொல்லாமலே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் பலகையில் ஒரு சமன்பாடு எழுதினேன். இருபக்கமும் சமமாக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் வரவில்லை. என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போது வெளியே இரண்டு விசில் கேட்டது.

ஒரு பிள்ளையும் அசையவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மறுபடி இரண்டு. நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான், வகுப்பு காலி.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் மைதானத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், தபால்காரர் அன்று சைக்கிளை நிறுத்திய அதே இடத்தில், அக்கா நின்றார். தொப்பி, கான்வாஸ் ஷூ, வாயில் விசில். பக்கத்தில் மாமா, கையில் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் இரண்டு சிவப்பு மீன்.

தலைமையாசிரியை மூச்சு வாங்க ஓடி வந்தார். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஆணை வந்தாச்சு. நீங்க இனிமே உள்ள வரக்கூடாது.”

“நான் எங்க டீச்சர் உள்ள வந்தேன்? ரோட்டுல நிக்கிறேன். ரோடு ஊருக்குப் பொது.”

“சத்தம் உள்ள வருதேக்கா.”

“அதுக்கு ஒரு மசோதா கொண்டுவரச் சொல்லுங்க.”

தலைமையாசிரியை கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “பீரியட் உங்களோடது சார். என்ன பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க” என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

மாமா ஜாடியோடு வேலிக்கு நெருங்கி வந்தார். “மாசாமாசம் வரப்போற காசை நம்பி இதுதான் வாங்க முடிஞ்சுது, கணக்கு. ஆமா, புதுச் சட்டப்படி உங்களுக்கு மொத்தமாத்தானே வரும்?” என்றார். அந்த முகத்தில் பழைய வெளிச்சம்.

அவரிடமிருந்து தப்பிக்க அக்கா பக்கம் திரும்பினேன். திரும்பியதும் சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. தாயுமில்லை, பல்கலைக்கழகமுமில்லை. நீங்கள் இல்லாமல் எனக்கு ஒரு சமன்பாடுகூட வரவில்லை என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை பேசியும் இதைச் சொல்லவே இல்லை.

“அக்கா, வெள்ளிக்கிழமை நான் சரியாவே பேசல. நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

அக்கா குட்டையாக ஒன்று ஊதினார். நான் நின்றுவிட்டேன்.

பிறகு இரண்டு ஊதினார், என்னைப் பார்த்து. இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் அந்த வரிசையில் நின்றதில்லை. போய்க் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, “சார், கை நீட்டி இடைவெளி விடணும்” என்றாள். விட்டேன்.

அக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கன்னம் உப்ப, நீளமாக ஒன்று ஊதினார். வேட்டை நாய் துரத்துகிறவனைப் போல் ஓடினேன். செருப்பு ஒன்று பாதியிலேயே கழன்றுபோனது. திரும்பி எடுக்க விசில் வரவில்லை, அதனால் ஓடிக்கொண்டே இருந்தேன்.